பிரிட்டன் பாடத்துக்குப் பத்துப் பேர்

அந்த வருஷம் என் வேனில் வந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஏறுபவர் அம்பத்தூர்க்காரர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு இங்கிலீஷ் வாத்தியாராக வேண்டும் என்று பி.எட். படிக்க வந்தார். நகத்துக்கு அடியில் கறுப்பு இன்னும் போகவில்லை. அவர் பின்னாலேயே அம்பத்தூர்ப் பெண்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே குடை. அடுத்து டிஃபன்ஸ் குவார்ட்டர்ஸ் பெண். அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பருத்திப்பட்டில் ஒரு பெண், காதில் ஒயரோடு ஏறி ஒயரோடு இறங்குவாள். சென்னீர்குப்பத்தில் அக்கா தங்கை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பையன்கள். ஒருவன் தின்றுகொண்டே இருப்பான், இன்னொருவன் வாயே திறக்க மாட்டான். கடைசியாகக் கரையான்சாவடி. அங்கே ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். கல்யாணமாகி ஒரு குழந்தை.

முன் சீட்டில் மேடம். ஸ்டியரிங்கில் நான்.

படிக்கிறவர்கள் பத்து, மேடத்தோடு பதினொன்று. எண்ணாமல் வண்டி எடுக்க மாட்டேன். ஏற்றும்போதும் எண்ணுவேன், இறக்கும்போதும் எண்ணுவேன். ஸ்கூல் வண்டி ஓட்டிய நாளிலிருந்து வந்த பழக்கம்.

காலேஜ் வேலப்பன்சாவடியில், ஹைவேயை ஒட்டி. மேடம் அங்கே நடத்தியது ஒரே ஒரு பாடம். பிரிட்டன் தேசத்தின் சரித்திரமும் அவர்கள் பழக்கவழக்கமும். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கட்டாயம் இல்லை. வேண்டுமானால் எடுக்கலாம், வேண்டாமென்றால் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைந்தால் அந்தப் பாடமே கிடையாது என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். தசரா லீவுக்கு முன்னால் வந்து தலை எண்ணுவேன் என்றும் சொன்னார். பாடம் இல்லையென்றால் மேடத்துக்கும் அங்கே வேலை இல்லை. அவரை எடுத்ததே அதற்காகத்தான்.

எண்ணிப் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். ஒரு ஆள் கூட உபரி இல்லை.

மேடத்துக்கு நாற்பத்தைந்து இருக்கும். இதற்கு முன்னால் நாலைந்து காலேஜ் பார்த்தவர். எல்லாம் இப்படி வருஷத்துக்கு வருஷம் வேலைதான். தொண்டை சரியில்லை. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருவார். வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார், தூங்க மாட்டார்.

அவர் பாடம் கடைசி பீரியட். வண்டி நிற்கிற இடத்தில் தகரக் கூரை, கீழே உட்கார முடியாது. ஒருநாள் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"உள்ள வந்து உட்காருங்கண்ணே. ஃபேன் சும்மாதானே சுத்துது" என்றார் மேடம்.

அன்றிலிருந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரைக்கும்தான். ஆனால் மேடம் இங்கிலீஷில் சொன்னதை உடனே தமிழிலும் சொல்வார். அதனால் காதில் விழுந்தது.

முதல் ஒரு மாசம் ஒருவரும் கேட்கவில்லை. ராஜா பெயர், வருஷம், சண்டை, மறுபடி ராஜா பெயர். தின்கிற பையன் பெஞ்சுக்கு அடியில் முறுக்கு உடைப்பான். ஒயர்ப் பெண் ஒயரைத் தலைமுடிக்குள் விட்டு வைத்திருப்பாள். அம்பத்தூர்க்காரர் தூங்குவார். மேடத்துக்கு அது தெரியும். திட்டமாட்டார். குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொல்லிக்கொண்டே போவார். சாயங்காலம் வண்டியில் இவர்கள் பேசுவதையும் கேட்பார்.

"கம்ப்யூட்டர் பாடத்துல மார்க்கு அள்ளிப் போடுறாங்களாம் மாமே" என்பார் அம்பத்தூர்க்காரர், தின்கிற பையனிடம். "இங்க செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் நாம கருமாதி பண்ணிகினு கீறோம்."

மேடம் கண்ணைத் திறக்க மாட்டார்.

மாறியது ஒரு ராணியால்தான். நம் ஊரையும் சேர்த்து ஆண்ட ராணி. மேடம் போர்டில் கோடு போட்டு ராணி பெயரை எழுதி, பக்கத்தில் புருஷன் பெயரை எழுதினார். இவர் ராணிக்குக் கசின் என்றார்.

தூங்கிக்கொண்டிருந்த அம்பத்தூர்க்காரர் தலையைத் தூக்கினார்.

"மேடம், எந்த கசின்?"

"எந்த கசின்னா?"

"மாமா பையனா, சித்தப்பா பையனா?"

"அது முக்கியம் இல்லப்பா. அங்க அப்படியெல்லாம் பிரிக்க மாட்டாங்க."

"முக்கியம் மேடம்" என்றது குவார்ட்டர்ஸ் பெண். "சித்தப்பா மகன்னா அண்ணன்லா? அண்ணனையா கெட்டுனா? சீ."

அக்கா தங்கை இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தார்கள். ஒயர்ப் பெண் ஒயரைக் கழற்றினாள். மேடம் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இல்லை. நாளைக்குப் பார்த்துவந்து சொல்கிறேன் என்றார். அன்றைக்கு வண்டியில் பூந்தமல்லி வரைக்கும் இதே பேச்சு.

மறுநாள் வகுப்பில் மேடம் சாக்பீஸை எடுப்பதற்குள் கேட்டுவிட்டார்கள்.

"ராணியோட அம்மாவும் அவரோட அப்பாவும் கூடப்பிறந்தவங்க" என்றார் மேடம்.

ஒரு நிமிஷம் எல்லாரும் விரல் விட்டுப் பார்த்தார்கள்.

"தாய்மாமன் பையன்!" என்று கத்தினார் அம்பத்தூர்க்காரர். "முறை மேடம், முறை! வெள்ளைக்காரனும் முறை பாத்துத்தான் கட்டிகினு கீறான்!"

கை தட்டினார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு சார் எட்டிப் பார்த்தார். மேடம் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

"இல்லப்பா, அவங்களுக்கு முறையெல்லாம் கிடையாது. சித்தப்பா பையனா இருந்தாலும் கட்டியிருப்பாங்க" என்றார். யாரும் நம்பவில்லை. அப்புறம் அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"நாளைக்கு நீங்க ஏதோ ஒரு ஸ்கூல்ல ஆறாம் கிளாஸ்ல நிப்பீங்க. பிள்ளைங்க இதைத்தான் கேக்கும். முக்கியம் இல்லன்னு நான் சொன்ன மாதிரி நீங்க சொல்லிடாதீங்க. இங்க ஒரு மாதிரி, அங்க ஒரு மாதிரின்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. அதுதான் இந்தப் பாடம்."

அதற்குப் பிறகு எல்லா ராஜாவுக்கும் முறை போட்டார்கள். பிரவுன் ஷீட்டில் சார்ட் எழுதினார்கள். மேலே இங்கிலீஷில் பெயர், கீழே சின்ன எழுத்தில் தமிழில் முறை. கொழுந்தனார், நாத்தனார், சம்பந்தி, சகலை. ஒரு ராஜா செத்துப்போன அண்ணன் பெண்டாட்டியைக் கல்யாணம் செய்துகொண்டவர். அதற்கு ஒருநாள் முழுக்கச் சண்டை.

"அண்ணின்னா அம்மா மாதிரி மேடம்" என்றாள் தங்கை.

"அதான் அப்புறம் அஞ்சு பேர கட்டினான் போல, மனசு ஆறல" என்றார் அம்பத்தூர்க்காரர்.

வாய் திறக்காத பையன் கூடச் சிரித்தான். கம்ப்யூட்டர் பேச்சு நின்றுபோனது. மேடம் வண்டியில் கண்ணை மூடுவதில்லை. இவர்கள் கேட்கிறதற்குத் திரும்பி உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டே வருவார். தொண்டை இன்னும் மோசமானது. ஃபிளாஸ்க் பூந்தமல்லிக்கு முன்னாலேயே காலியாகிவிடும்.

கரையான்சாவடிப் பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் அவளுடைய அத்தை மகன். அதாவது அவள் அப்பாவுக்குச் சொந்த அக்கா பையன். அப்பா எஸ்டேட் கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பெண்டாட்டி இல்லை. இருந்த ஒரே வீட்டை மகள் பேருக்கு எழுதிவைத்தார். எழுதிய கொஞ்ச நாளில் அவர் கட்டிலும் டிரங்குப் பெட்டியும் தெருவில் கிடந்தன. காலையில் நான் வண்டியை நிறுத்தியபோது சந்துக்குள் அவள் வீட்டு வாசலில் பார்த்தேன். மருமகன் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். அவள் தலையைக் குனிந்தபடி வந்து ஏறினாள். எண்ணிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அப்பாவுக்குக் குமணன்சாவடியைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. காலேஜுக்குப் போகும்போது மண்டபம் இடது கைப்பக்கம் வரும். அவர் நீலச் சட்டையோடு கேட் பக்கத்தில் நிற்பார். அவள் போகும்போது வலது பக்கம் உட்காருவாள். திரும்பி வரும்போது மண்டபம் வலது பக்கம். அப்போது இடது பக்கம் உட்காருவாள். ஜன்னல் சீட்டு காலியாக இருந்தாலும் அந்தப் பக்கம் போக மாட்டாள். கண்ணாடியில் தினமும் பார்க்கிறவன் நான். வேறு யாருக்கும் தெரியாது.

அவள் நன்றாகப் படிப்பாள். சார்ட்டில் எழுத்து அவளுடையதுதான். வேலை கிடைத்தால் போதும் என்பாள், வேறு பேசமாட்டாள்.

லீவுக்கு ஒரு வாரம் இருக்கும். மேடம் வேறொரு ராஜாவுக்கு வந்தார். இவர் தன் பெண்ணை அடுத்த தேசத்தில் இருந்த தன் அக்கா பையனுக்கே கொடுத்தார். அந்த மருமகன் படையோடு கப்பலில் வந்து இறங்கினான். ராஜாவின் ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மாமனார் படகேறி ஓடிவிட்டார். மருமகன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான், பக்கத்திலேயே மகளும் உட்கார்ந்தாள். மேடம் காரணமெல்லாம் சொன்னார். மதம் என்றார், பார்லிமென்ட் என்றார், அதிகம் ரத்தம் சிந்தாமல் நடந்ததால் அவர்களுக்கு அது பெருமை என்றார். யார் காதிலும் ஏறவில்லை.

"அத்தை பையன் மேடம்! உரிமையா பொண்ணு எடுத்துகினு அப்பனையே தொரத்திட்டான்" என்றார் அம்பத்தூர்க்காரர்.

"தாய்மாமனும் அவரு, மாமனாரும் அவரு. ரெட்டைப் பாவம்" என்றாள் அக்கா.

கரையான்சாவடிப் பெண் கை தூக்கினாள். வகுப்பில் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அந்த அப்பா அப்புறம் எங்க மேடம் இருந்தாரு?"

"இன்னொரு தேசத்து ராஜா தங்க எடம் கொடுத்தார். கடைசி வரைக்கும் அங்கதான்."

"பொண்ணு போயி பாக்கலையா?"

"இல்லம்மா. பாக்கவே இல்ல. பொண்ணுதான் முதல்ல செத்துப்போனா."

அவள் உட்கார்ந்தாள். சார்ட் எழுத ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள். எழுதினாளா என்று நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் வண்டியில் அதே பேச்சு. வேலப்பன்சாவடி சிக்னலில் லாரி மறித்து நின்றது, வண்டி நகரவில்லை.

"எப்டி அவன்கூட குடும்பம் நடத்தினா? அப்பன நடுத்தெருவுல வுட்டுட்டு ஜம்முனு சீட்ல குந்திகினா பாரு" என்றார் அம்பத்தூர்க்காரர்.

"அவ என்ன செய்வா பாவம். புருஷனா அப்பனான்னா எங்க போவா?" என்றது குவார்ட்டர்ஸ் பெண்.

"நானா இருந்தா அவனுக்கு சோத்துல வெஷம் வெப்பேன்" என்றாள் தங்கை.

"ஒனக்கு ரசமே வெக்கத் தெரியாது" என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். வண்டி நகர்ந்தது. மண்டபம் வந்தது. அன்று முகூர்த்தம், சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். அவள் அப்பா கேட்டில் நின்று கார்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அவள் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

கரையான்சாவடியில் இறங்கினாள். "வரேன் மேடம்" என்று தினமும் சொல்வாள். அன்று சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டாப்பில் ஆள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மேடம் கேட்டார்.

"அண்ணே, அவங்க வீடு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஃபோன் எடுக்க மாட்டேங்கிறாங்க. உடம்பு சரியில்லையா?"

"தெரியல மேடம். கேக்கறேன்."

கட்டில் தெருவில் கிடந்ததை மேடத்திடம் நான் சொல்லவில்லை. அது அவள் சமாச்சாரம். வெள்ளிக்கிழமை தலை எண்ணுகிற நாள். அன்று காலை மேடம் முன் சீட்டில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரையான்சாவடியில் ஆரன் அடித்தேன். நான் ஆரன் அடிக்கிற ஆள் இல்லை. வரவில்லை. இறங்கிப் போனேன். வீடு சந்துக்குள் மூன்றாவது.

கிரில் கேட்டுக்கு உள்ளே நின்றாள். நைட்டி மேல் துண்டு. இடுப்பில் குழந்தை.

"இன்னிக்கு ஆள் எண்றாங்கமா" என்றேன்.

"தெரியும்ணே."

"ஒம்போதுதான் கீறாங்க."

"தெரியும்ணே. அந்தப் பாடம் எனக்கு வேணாம்."

"அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. வெளையாட்டுக்குப் பேசுதுங்க."

"தெரியாமத்தாண்ணே பேசுறாங்க. தெரிஞ்சு பேசினா நான் திருப்பிக் கேப்பேன்." குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "இன்னும் அந்த ராஜா பொண்ணு கதை பாதிதான் முடிஞ்சுது. பரிட்சைக்கு வேற வரும். நானே அத எழுதணும்."

"மேடத்துக்கு வேலை போயிடும்."

உள்ளேயிருந்து புருஷன் குரல், யாரு என்று. காலேஜ் வண்டி என்று திரும்பிச் சொன்னாள். பிறகு என்னிடம் மெதுவாக, "மேடம் ரொம்ப நல்லவங்கண்ணே" என்றாள். கேட்டைச் சாத்தினாள்.

திரும்பி வந்து வண்டியில் ஏறினேன்.

"வராங்களா?" என்றார் மேடம்.

"இல்ல."

ஏன் என்று கேட்கவில்லை. மண்டபத்தில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா கேட்டில் நின்று நம் வண்டியைப் பார்த்தார். தினமும் பார்ப்பார். அவள் எந்தப் பக்கம் உட்காருகிறாள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

கடைசி பீரியடில் மேனேஜர் வந்தார். மேடம் டீ குடிக்கிற பழக்கம் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். அங்கே அதற்கென்று ஒரு நேரம், அதற்கென்று ஒரு பலகாரம் உண்டாம். மேனேஜர் வாசலில் நின்றபடியே விரலை நீட்டி எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார்.

"ஒருத்தங்க லீவு சார். திங்கக்கிழமை வந்துடுவாங்க" என்றார் மேடம்.

"இன்னிக்குன்னா இன்னிக்குத்தான் மேடம். சர்க்குலர்லயே போட்டிருக்கு."

அம்பத்தூர்க்காரர் எழுந்தார். "சார், நம்ம டிரைவர் அண்ணாத்தேய சேத்துக்கங்க சார். தெனம் வந்து குந்திகினுதான் கீறாரு. எங்களவிட அவரு ஒழுங்கா கேக்கறாரு."

சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

"ஹால் டிக்கெட் குடுத்துடலாமா?"

"குடுங்க சார். வண்டிய நான் ஓட்டிக்கிறேன்."

நானும் சிரித்தேன். மேனேஜர் சிரித்து முடித்து, மேடத்தைப் பார்த்து, "என் கையில ஒண்ணும் இல்லைங்க" என்றார். போய்விட்டார். கெட்ட ஆள் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

மேடம் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து நடத்தினார். முதலில் பாலை ஊற்றுவதா டிகாஷனை ஊற்றுவதா என்று அந்த ஊரில் இன்றைக்கும் சண்டையாம்.

"எங்க ஊட்லயும் அதே சண்டைதான் மேடம்" என்றார் அம்பத்தூர்க்காரர். குரல் எழும்பவில்லை. மேடம் பெல் அடிக்கிற வரைக்கும் நடத்தினார். போர்டை அவரே துடைத்தார்.

ஆவடி ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கிய பிறகு அவர் இறங்கினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அவங்களுக்கு என்னண்ணே கஷ்டம்? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனா?"

"இல்ல மேடம். ஊட்டுப் பிரச்சனை."

"படிப்ப விட்டுடப் போறாங்களா?"

"இல்ல. படிப்பாங்க."

"சரி. அது போதும். வரேண்ணே."

"சரிங்க மேடம்."

படி ஏறிப் போனார். டிரெயின் வந்துவிட்டது போல, ஜனம் ஓடியது. அவர் ஓடவில்லை.

சார்ட் ஒன்று சுருட்டியபடி கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்தது. லீவில் வண்டி கழுவும்போது எடுத்து, உலரவைத்து, மறுபடி அங்கேயே வைத்தேன். யாரும் கேட்கவில்லை.

லீவு முடிந்து முதல் நாள். எல்லாருக்கும் கம்ப்யூட்டர் பாடம் போட்டுவிட்டார்கள். ஆவடியில் ஏறினார்கள், பருத்திப்பட்டில் ஏறினாள், சென்னீர்குப்பத்தில் ஏறினார்கள், பூந்தமல்லியில் ஏறினார்கள். முன் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. தின்கிற பையன் தன் பையை மட்டும் வைத்தான். குவார்ட்டர்ஸ் பெண் அதை எடுத்து அவன் மடியிலேயே போட்டது.

கரையான்சாவடி ஸ்டாப்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் டிபன் பை. ஏறினாள். முன் சீட்டைப் பார்த்தாள்.

"வாங்க வாங்க. நீங்க மட்டும் அன்னிக்கு" என்று ஆரம்பித்தார் அம்பத்தூர்க்காரர். குவார்ட்டர்ஸ் பெண் அவர் முதுகில் ஒன்று வைத்தது. அவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் வலது பக்கம் போய் உட்கார்ந்தாள்.

வேலப்பன்சாவடியில் கேட்டுக்குள் வண்டியை விட்டு, கதவைத் திறந்து, ஒவ்வொருவராக இறக்கினேன். எண்ணினேன்.

பத்து.